காசுவாய், காசளவு: பழைய ‘ஸ்லாட் மெஷின்’ தரும் இரண்டு சொற்கள்

‘ஸ்லாட் மெஷின்’ என்பதைச் சூதாட்டப் பொறி என்றே பெரும்பாலும் எழுதிவிடுகிறோம். சொல்லுக்குள் சூது எதுவும் இல்லை. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘ஸ்லாட்’, முதலில் மார்பின் நடுவே உள்ள பள்ளத்தைக் குறித்தது. பிறகு ஒடுங்கிய எந்தத் திறப்புக்கும் அது பெயரானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசு போட்டால் இயங்கும் பொறிகள் பரவின. மிட்டாய் தந்ததும் எடை காட்டியதும்கூட அப்போது ஸ்லாட் மெஷின்தான். சான்ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே மூன்று உருளைகள் கொண்ட ‘லிபர்ட்டி பெல்’ என்னும் சூதாட்டப் பொறியை உருவாக்கினார். சிகாகோவின் மில்ஸ் நாவல்டி போன்ற நிறுவனங்கள் அவ்வகைப் பொறிகளைப் பெருமளவில் செய்தன. பெயர் சூதாட்டத்தோடு ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான்.

திறப்பை ‘வாய்’ என்பது தமிழின் இயல்பு. வாயில், வாய்க்கால் எல்லாம் அப்படிப் பிறந்தவை. எனவே ஸ்லாட்டுக்குக் ‘காசுவாய்’ என்பேன். பொதுவாகக் காசுவாய்ப் பொறி. சூதாட்டத்துக்கு உரியதைக் காசுச் சூதுப்பொறி எனலாம்.

பழம்பொறி சேகரிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ‘டினாமினேஷன் கன்வர்ஷன்’தான் உண்மையில் சிக்கலானது. ஒரு காசுக்காகச் செய்த பொறியை வேறொரு காசில் இயங்கும்படி மாற்றுவதே அது. ‘டினாமினேஷன்’ பெயர் என்னும் பொருள்கொண்ட லத்தீன் ‘நோமென்’ வழி வந்தது. நாணயத்தின் மதிப்புக்கு இடும் பெயர். அகராதியைப் பார்த்து ‘முகமதிப்பு மாற்றம்’ என்று எழுதலாம். ஆனால் பழைய பொறிக்கு மதிப்பு தெரியாது. விட்டமும் தடிமனும்தான் தெரியும். அமெரிக்காவின் 5 சென்ட் நிக்கல் 21.21 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதைவிட இருமடங்கு மதிப்புள்ள 10 சென்ட் டைம் 17.91 மில்லிமீட்டர்தான்! 25 சென்ட் குவார்ட்டரோ 24.26. மதிப்பு ஏறினால் அளவும் ஏறும் என்று நம்பி ஒரு பொறியையும் திறக்க முடியாது.

பிரிட்டன் 1971இல் பதின்ம நாணயத்துக்கு மாறியபோதும் இதுவே நடந்தது. பழைய பென்னி ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். புதிய பென்னி 20.3. பெயர் ஒன்று, காசு வேறு. அதனால்தான் பழைய பென்னிப் பொறி வைத்திருப்பவர்கள் செல்லாத பழைய காசுகளையும் சேர்த்தே பாதுகாக்கிறார்கள்.

காசுவாயை மட்டும் அகலப்படுத்தினால் வேலை முடியாது. காசுகள் அடுக்காக நிற்கும் குழாய் மாற வேண்டும். அதன் அடியில் இருக்கும் நகர்தகடுகளும் மாற வேண்டும். வென்றவருக்கு இத்தனை காசு என்று எண்ணித் தருபவை இந்தத் தகடுகள். எண்ணுவது தடிமனைக் கொண்டு. நிக்கலின் தடிமன் 1.95 மில்லிமீட்டர், டைமின் தடிமன் 1.35. ஒன்றுக்காகச் செய்த தகட்டில் மற்றொன்றைப் போட்டால் எண்ணிக்கை பிசகும், அல்லது பொறி சிக்கிக்கொள்ளும். உள்ளே போட்ட காசுகளைக் கண்ணாடி வழியே காட்டும் ‘ஏற்றி’ (எஸ்கலேட்டர்) என்னும் பகுதி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

ஆகவே இதற்குக் ‘காசளவு மாற்றம்’ என்பதே பொருத்தமான தமிழ். வேலையின் தன்மையை அது நேராகச் சொல்கிறது. மதிப்பையும் விடாமல் குறிக்கலாம்: “5 சென்ட் காசளவிலிருந்து 25 சென்ட் காசளவுக்கு மாற்றப்பட்ட காசுச் சூதுப்பொறி.” கழற்றிய பழைய குழாயையும் தகடுகளையும் எறிந்துவிடாமல் பொறியுடனே வைத்திருங்கள், அவை இருந்தால் அதை மீண்டும் முதற்காசளவுக்குக் கொண்டுவரலாம்.