386 கணினிக்குள் ஒரு எஃப்-16

1991-இல் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் நிறுவனம் ஃபால்கன் 3.0 என்ற போர் விமான விளையாட்டை வெளியிட்டது. எஃப்-16 ஓட்டலாம், பனாமா, குவைத், இஸ்ரேல் என்று மூன்று களங்கள். விமானம் எவ்வளவு நிஜமாகப் பறக்க வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இருப்பதிலேயே துல்லியமான தெரிவு எல்லோருக்கும் கிடைக்காது. அதற்குக் கணினியில் மேத் கோப்ராசஸர் என்ற தனி சிப் இருக்க வேண்டும். பொறியியல் வரைபடம் போடுபவர்களும் பெரிய கணக்குகளோடு மல்லுக்கட்டுபவர்களும் வாங்கிய சிப் அது. ஒரு விளையாட்டுக்கு அது எதற்கு?

அந்தக் காலக் கணினிகளில் இருந்த இன்டெல்லின் 386 ப்ராசஸருக்கு முழு எண்கள்தான் தெரியும். தசம எண்களைப் பெருக்கச் சொன்னால், மென்பொருள் அதைப் பல முழு எண் வேலைகளாக உடைத்துச் செய்யும். கோப்ராசஸர் கணினிக் கடிகாரத்தின் சில பத்து துடிப்புகளில் முடிப்பதற்கு இந்த வழியில் நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஆகிவிடும். அதனால் அந்தக் கால நிரலாளர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். எல்லா எண்ணையும் 65,536-ஆல் பெருக்கி, முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது. 1.5 என்பது 98,304 ஆகிவிடும். 32 பிட்டில் மேல்பாதி முழுப்பகுதி, கீழ்பாதி பின்னம். வேகமான வழிதான், ஆனால் விமானத்துக்கு வரும்போது இடிக்கிறது.

இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. எஃப்-16 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்), அதாவது நொடிக்கு சுமார் 231 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வர்க்கம் 53,000-ஐத் தாண்டும். மேல்பாதியில் அடங்கக்கூடிய அதிகபட்ச எண்ணோ 32,767. அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போய்விடும். தூக்க வேண்டிய இறக்கை விமானத்தைக் கீழே அமுக்கும்! இதைத் தவிர்க்க, ஒவ்வொரு சூத்திரத்திலும் அலகுகளைச் சுருக்கியும் விரித்தும் நிரலாளர் சமாளிக்க வேண்டும். சுருக்கும்போதெல்லாம் துல்லியத்தில் கொஞ்சம் கரையும். கோப்ராசஸர் 80 பிட் தசம எண்களில் கணக்குப் போடுவதால் இந்தத் தலைவலி கிடையாது.

சரி, விசை கிடைத்துவிட்டது. அடுத்த சிக்கல் நேரம். நிஜ விமானம் இடைவிடாமல் நகரும். விளையாட்டு விமானம் தாவித் தாவித்தான் நகரும். விசையிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து புதிய வேகம், வேகத்திலிருந்து புதிய இடம் என்று ஒவ்வொரு தாவலுக்கும் கணக்கு.

நொடிக்கு 10 தாவல் என்றால், அதே 450 நாட் வேகத்தில் ஒவ்வொரு தாவலும் 23 மீட்டர். இப்போது 9 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு), உயரம் மாறாமல் விமானத்தைத் திருப்புங்கள். நொடிக்கு ஏறக்குறைய 22 டிகிரி திரும்பும். 17 நொடிக்குள் முழு வட்டம். விசை பக்கவாட்டில்தான் இழுக்கிறது, ஆகவே அந்த விசையால் வேகம் கூடக்கூடாது. ஆனால் ஒவ்வொரு தாவலிலும் கணினி, பழைய வேகத்தோடு செங்குத்தாக ஒரு சிறு துண்டை ஒட்டுகிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் எப்போதும் பக்கத்தைவிட நீளம்தானே? வேகம் ஒவ்வொரு தடவையும் இம்மி இம்மியாக ஏறுகிறது. காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் போட்டுப் பார்த்தால், ஒரு வட்டம் சுற்றும் நேரத்தில் சுமார் 50 நாட் இலவசமாகக் கிடைத்துவிடும். வான்சண்டையில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். சண்டையின் சாரமே அதுதான். 50 நாட் சும்மா கிடைத்தால் அது சண்டையே இல்லை.

தாவலைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகும், ஆனால் கணக்கு இரட்டிப்பாகும். துல்லியமான மாதிரி கோப்ராசஸரைக் கேட்டதில் எனக்கு வியப்பே இல்லை.

படம் வரைவது வேறு பாடு. 320-க்கு 200 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட், மொத்தம் 64,000 பைட். மலை என்றால் நாலைந்து முக்கோணங்கள். தூரத்தில் இருப்பதை முதலில் வரைந்து, பக்கத்தில் இருப்பதை அதன் மேல் பூச வேண்டும். பழைய படங்களைப் பார்த்து இன்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ திரைக்குப் பின்னால் நடந்த கணக்குதான் பெரிதாகப் படுகிறது. நினைவகமும் இழுபறிதான். அன்றைய இயக்கு தளமான டாஸ் தரும் 640 கிலோபைட்டில் 600-க்கும் மேல் இந்த விளையாட்டு கேட்டது. வேறு எதையும் நினைவகத்தில் ஏற்றாமல் கணினியைத் தொடங்க, இதற்கென்றே தனி பூட் ஃபிளாப்பி தயாரித்து வைத்திருந்தவர்கள் பலர்.

386-க்கு அடுத்த தலைமுறையாக 486 ப்ராசஸர் வந்தது. 486டிஎக்ஸில் கோப்ராசஸர் உள்ளேயே இருந்தது. ஆனால் 1991-இல் இன்டெல் வெளியிட்ட மலிவான 486எஸ்எக்ஸில் அந்தப் பகுதியை முடக்கி விற்றார்கள். வேண்டுமென்றால் 487எஸ்எக்ஸ் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அதுவோ பெயர் மாற்றிய முழு 486டிஎக்ஸ். சொருகியதும் பழைய சிப்பை அணைத்துவிட்டு, எல்லா வேலையையும் தானே பார்க்கும்.