நாற்பது நாள் அவரை யார் புரட்டிப் படுக்கவைப்பார்கள்?

பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நான் ஹஜ்ஜுக்குப் போனா இவளை யாரு பார்ப்பா? போகலேன்னா அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்வேன்?" மனைவிக்கு வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. இரண்டு வருடமாகக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர்தான்.

மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனால் சக்தி பெற்றவர்கள்மீதுதான் ஹஜ் கடமை என்று குர்ஆன் (3:97) சொல்கிறது. டிக்கெட் பணம் மட்டும் சக்தி ஆகாது; திரும்பி வரும்வரை தன்னை நம்பியிருப்பவர்களின் செலவும் அதில் சேரும். பத்ருப் போருக்கு நபிகளாரின் படை கிளம்பியபோது, நபித்தோழர் உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவி ருகையா (ரலி) நோயுற்றிருந்தார். அவரைக் கவனிக்க மதீனாவில் தங்கிய உஸ்மானுக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உண்டு என்றார்கள் நபிகளார் (ஸல்). புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது. அந்தப் போர் நடந்த ரமலான் 17 தோறும் பத்ரு பயான் (சொற்பொழிவு) கேட்டு வளர்ந்த அந்தப் பெரியவர், இதைத் தன் வீட்டோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

ஹஜ்ஜைத் தள்ளிப்போடலாமா என்பதில் மத்ஹபுக்கு மத்ஹபு (மார்க்கச் சட்டப் பள்ளி) வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபில், பிறகு செய்யும் உறுதி இருந்தால் தாமதிக்க இடமிருக்கிறது. உங்கள் ஹஜரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்கும்போது "மனைவிக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கழிப்பறைக்கு யார் தூக்குகிறார்கள், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், வேறு யாருக்கு அது தெரியும் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அரசின் ஹஜ் கமிட்டி வழியாகப் போனால் வழக்கமாகக் கிட்டத்தட்ட 40 நாள் ஆகும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஒரே இரவு விட்டாலும் முதுகின் அடியில் தோல் சிவக்கும்; அப்படியே விட்டால் படுக்கைப் புண். அதனால், பார்த்துக்கொள்ள வருபவர் பயண நாளன்று வந்தால் போதாது. குறைந்தது இரண்டு வாரம் முன்பே வந்து, உங்கள் கண்முன்னே செய்து பழக வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைப்பதாக இருந்தாலும் இப்படித்தான்.

கூடவே அழைத்துப் போகலாமே என்பார்கள். முடிகிறவர்கள் போகலாம், உடல்நலமில்லாத தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் இருந்தபடி தவாஃப் (கஅபாவைச் சுற்றி வருதல்) செய்யச் சொன்னார்கள் நபிகளார். இன்று சக்கர நாற்காலிக்குத் தனிப் பாதையும் இருக்கிறது. ஆனால் 2024 ஹஜ்ஜில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது, 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு சொன்னது. பக்கவாதம் வந்த உடம்பை அந்த வெயிலுக்குக் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன். வசதி இருந்தும் குணமாக வழியில்லாதவர்களுக்காகப் பதல் ஹஜ் (அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் செய்வது) இருக்கிறது.

இத்தனையும் பேசிய பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்த அம்மாவை யாருமே கேட்கவில்லை. பேச்சுத்தான் போயிற்று, புரிதல் போகவில்லை. சம்மதம் என்றால் இடது கையை அழுத்தச் சொல்லிக் கேட்டோம். அவர் போகட்டுமா? கை அசையவில்லை. உங்கள் மகள் வந்து தங்கினால்? அப்போதும் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அழுத்தினார்.

அந்த வருடம் பெரியவர் விண்ணப்பிக்கவில்லை. மகள் மாதம் ஒரு வாரம் வந்து தங்கிப் பழகுகிறார்.