கொண்டை ஊசி வளைவு

மலைச் சாலையில் கூர்மையாகத் திரும்பும் எந்த வளைவையும் கொண்டை ஊசி வளைவு என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஏறிவந்த திசைக்கு ஏறக்குறைய நேரெதிராகச் சாலை மடங்கித் திரும்பி, வந்த வழிக்கு மேலேயே தொடர்ந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

இது 'ஹேர்பின்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து அமைந்த பெயர். ஜெர்மானியர் இதே வளைவை 'முடி ஊசி வளைவு' என்ற பொருளில் 'ஹார்நாடல்கூர்வே' என்கிறார்கள். இத்தாலியர் ஊசியை விட்டுவிட்டு, 'திரும்புவது' என்ற பொருளில் 'தொர்னாந்தே' என்கிறார்கள்.

சாலை ஏன் இப்படி மடங்க வேண்டும்? நெட்டுக்கு ஏறினால் சரிவு தாங்காது என்பதால்தான். சாலைப் பொறியாளர்களின் தேசிய அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் மலைச் சாலை நெறிமுறைப்படி, மலைப்பாங்கான நிலத்தில் வழக்கமான ஏற்றம் நூற்றுக்கு 5. அதாவது 1000 மீட்டர் உயரம் ஏற 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே மலைமுகத்தில் அடக்க மடிப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. திம்பத்தில் 27, ஆழியாறு–வால்பாறை சாலையில் 40, கொல்லிமலையில் 70 வளைவுகள் வந்தது இப்படித்தான். '9/40' என்று பலகையில் எண் போடும் வழக்கம், 40-இல் இது 9-ஆவது என்று தலைசுற்றலோடு உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் கணக்குச் சொல்லிவிடும்.

நெறிமுறையின் கவனமெல்லாம் மடங்கும் இடத்தில்தான். உள்வளைவின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது. வடிவமைப்பு வேகம், அதாவது வளைவை எந்த வேகத்துக்கு ஏற்றபடி அமைக்கிறார்களோ அது, குறைந்தது மணிக்கு 20 கிலோமீட்டர். ஏற்றம் அங்கே 40 மீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்டக்கூடாது. இருவழி நெடுஞ்சாலையானால் வளைவின் உச்சியில் 11.5 மீட்டர் அகலம் வேண்டும். பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். அந்த அகலம் அதற்காகத்தான். அடுத்தடுத்த இரு வளைவுகளுக்கு நடுவே 60 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பதும் விதி. ஓட்டுநர் ஸ்டியரிங்கை நேராக்கி மூச்சுவிட அந்தத் தூரம் வேண்டாமா?

தமிழ்ப் பெயருக்கு வருவோம். இதைச் சுருக்கி 'ஊசி வளைவு' என்று எழுதுவதை ஏற்க முடியவில்லை. தையல் ஊசி நேரானது. இரண்டு காலும் ஒரு மடிப்புமாக வளைந்திருப்பது கொண்டைக்குச் செருகும் ஊசிதான். கொண்டையை எடுத்துவிட்டால் வளைவும் போய்விடுகிறது. பொறியியல் வரைபடத்தில் இடம் போதாதென்றால் 'மடக்கு வளைவு' என்று போடலாம். மடிந்து திரும்புவதை அது நேராகவே சொல்கிறது. சாலையோரப் பலகைக்குக் கொண்டை ஊசி வளைவே இருக்கட்டும். மொழிபெயர்ப்பாக வந்தாலும் ஊர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. பக்கத்துக் கேரளத்தில் தாமரச்சேரி மலைப்பாதையை 'சுரம்' என்ற பழஞ்சொல்லால் அழைக்கும் மலையாளிகள்கூட, அதன் 9 வளைவுகளை 'ஹேர்பின் வளவு' என்றுதான் சொல்கிறார்கள்.