கருமுட்டையின் கட்டுச்சோறு

உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போகும் பெண்கள் பலரும் கேட்டிருக்கும் பதில், "முட்டையின் தரம் சரியில்லை" என்பது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கணவரின் விந்தணு ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனாலும் கரு மூன்றாம் நாளோடு வளராமல் நின்றுவிடுகிறது. தரம் என்றால் என்ன என்று உட்கார்ந்து விளக்குபவர்கள் குறைவு. ஏஎம்எச் பரிசோதனையும் இதற்கு உதவாது. சினைப்பையில் முட்டைகளின் இருப்பு எவ்வளவு என்று ஓரளவு காட்டுமே தவிர, ஒவ்வொரு முட்டையும் உள்ளே எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முட்டை தானமாகக் கிடைத்தால், குழந்தை பிறக்கும் வாய்ப்பு பெரும்பாலும் முட்டை தந்தவரின் வயதை ஒட்டியே அமைகிறது. வயதின் சுமையைக் கர்ப்பப்பையைவிட முட்டைதான் அதிகம் சுமக்கிறது. அந்தச் சுமையின் ஒரு பெரிய பங்கு மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகச் சந்தேகிக்கிறார்கள்.

செல்லுக்கு வேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிப்பவை மைட்டோகாண்ட்ரியா. அவற்றுக்கென்று தனியாக ஒரு சிறிய டிஎன்ஏ உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். விந்தணுவின் நடுப்பகுதியில் சில டஜன் மைட்டோகாண்ட்ரியாதான் இருக்கும். முதிர்ந்த கருமுட்டையிலோ சுமார் ஒரு லட்சமோ அதற்கு மேலோ இருக்கும். நம் உடலில் வேறெந்தச் செல்லிலும் இவ்வளவு கிடையாது. கருவுற்ற பிறகு அப்பாவின் மைட்டோகாண்ட்ரியாவை முட்டை அழித்துவிடுகிறது. நம்மிடம் இருப்பது முழுக்க அம்மா கொடுத்தது.

எதற்கு இத்தனை? கருவுற்ற முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும் முதல் சில நாட்களில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ புதிதாகப் பெருகுவதே இல்லை என்று சொல்லலாம். கர்ப்பப்பையில் ஒட்டும் கட்டத்தை நெருங்கிய பிறகுதான் பெருகத் தொடங்கும். அதுவரை இருப்பதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வழியில் சோறு கிடைக்காத பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவதைப் போன்றது இது.

ஆற்றல் மிக அவசரமாகத் தேவைப்படும் கட்டம் கருவுறுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஐவிஎஃப் செய்துகொண்டவர்களுக்கு, முட்டையை முதிரச் செய்யும் ட்ரிகர் ஊசி நினைவிருக்கும். அதைப் போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். அந்த இடைவெளியில் முட்டைக்குள் பெரிய வேலை நடக்கிறது. அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருந்தபோது பாதியில் நின்றுபோன செல் பிரிதல் மறுபடி தொடங்குகிறது. உட்கருவின் உறை கரைகிறது. கதிர்கோல் இழைகள் உருவாகி, குரோமோசோம்களை நடுவில் வரிசையாக நிறுத்துகின்றன. பிறகு ஒவ்வொரு ஜோடியையும் பிரித்து, ஒரு பாதியைத் துருவ உறுப்பு என்ற குட்டிச் செல்லாக வெளியே தள்ளுகின்றன. மைட்டோகாண்ட்ரியா அந்தக் கதிர்கோலைச் சூழ்ந்து குவிந்து நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அவற்றின் வேலையை எலி முட்டைகளில் முடக்கினால் கதிர்கோல் குலைகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு குரோமோசோம் கூடினாலோ குறைந்தாலோ, கரு நின்றுபோகலாம், கலையலாம், டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலையோடு பிறக்கலாம். இதில் பழியெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகக் கூடாது. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் வருடக் கணக்கில் தேய்ந்துபோவதும் முக்கியக் காரணம்.

முட்டை இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யும்போதே செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் உருவாகும். பார்சிலோனாவில் எல்வன் போக்கேயின் குழு 2022ல் இதற்கு விடை சொன்னது. உறக்கத்தில் இருக்கும் இளம் முட்டைகள், மைட்டோகாண்ட்ரியாவில் அந்த மூலக்கூறுகளை அதிகம் உண்டாக்கும் 'காம்ப்ளெக்ஸ் 1' என்ற புரதக் கூட்டமைப்பையே கட்டாமல் வைத்திருக்கின்றன. அடுத்து 2025ல் 20 முதல் 42 வயது வரையுள்ள பெண்களின் முட்டைகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு வந்தது. அவர்களின் ரத்தத்திலும் உமிழ்நீரிலும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பிழைகள் வயதோடு கூடியிருந்தன. முட்டையில் கூடவில்லை. ஆக, "வயதானதும் முட்டையின் மைட்டோகாண்ட்ரியா கெட்டுவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

ஆனால் சிகிச்சை முயற்சிகள் அந்த ஒற்றை வரியை நம்பித்தான் தொடங்கின. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜாக் கோஹனின் குழு, இளம் பெண்ணின் முட்டையிலிருந்து கொஞ்சம் சைட்டோபிளாசத்தை (உட்கருவைச் சூழ்ந்த, மைட்டோகாண்ட்ரியா அடங்கிய பகுதி) எடுத்து, சிகிச்சைக்கு வந்தவரின் முட்டையில் செலுத்தியது. 1997ல் அப்படி முதல் குழந்தை பிறந்தது. சில குழந்தைகளின் உடலில் முட்டை தந்தவரின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் இருந்தது. 2001ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தலையிட, முறை நின்றது.

அப்புறம் ஓவாசயின்ஸ் என்ற நிறுவனம், அந்தப் பெண்ணின் சினைப்பைத் திசுவிலிருந்தே மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து முட்டைக்குள் செலுத்தும் 'ஆக்மென்ட்' முறையைக் கொண்டுவந்தது. பணம் வாங்கிக்கொண்டு செய்தார்கள், குழந்தைகளும் பிறந்தன. ஒப்பிட்டுப் பார்க்காதவரை எல்லாமே வேலை செய்வதுபோலத்தான் தெரியும். ஸ்பெயினில் முறையாக ஒப்பிட்டார்கள். ஒரே பெண்ணின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் இதைச் செய்தார்கள். கருவின் தரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை என்று 2019ல் வெளியானது. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஐவிஎஃப்பில் பலமுறை தோற்று, நகையை விற்றாவது இன்னொரு தடவை பார்க்கலாம் என்று வருகிறவர்களிடம், இப்படிப்பட்ட ஒப்பீடு இல்லாத ஒன்றை விற்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மைட்டோகாண்ட்ரியாவை மாற்றுவது உண்மையிலேயே கைகொடுத்திருப்பது வேறொரு இடத்தில். தாயின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் கொடிய நோய்க்கான பிழை இருந்தால், அது குழந்தைக்கும் போகும். பிரிட்டனில் 2015ல் சட்டம் இயற்றி, நியூகாசிலில் இதற்கு வழி கண்டார்கள். தாயின் முட்டையும் தானமாக வந்த முட்டையும் தந்தையின் விந்தணுவால் கருவுறுகின்றன. கருவுற்றதும் முட்டையில் அம்மா, அப்பா மரபணுக்கள் தனித்தனியாக இரண்டு முன் உட்கருக்களில் இருக்கும். தானமுட்டையின் இரண்டு முன் உட்கருக்களையும் நுண்குழாயால் எடுத்துவிட்டு, தாயின் கருவுற்ற முட்டையில் இருந்த இரண்டையும் அங்கே வைக்கிறார்கள். இந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025ல் அறிவித்தார்கள். ஐந்து குழந்தைகளிடம் பிழையுள்ள டிஎன்ஏ தென்படவே இல்லை. மற்ற மூவரிடம் 5 முதல் 20 சதவீதம் வரை இருந்தது. நோய் வரும் அளவுக்கு இது மிகவும் கீழே என்றாலும், குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

சரி, மருந்துக் கடையில் கிடைக்கும் கோஎன்சைம் கியூ10 மாத்திரை? மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கடத்தும் பொருள் அது. 2015ல் வெளியான ஓர் ஆய்வில், வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது முட்டையின் தரம் உயர்ந்தது. சினைப்பை இருப்பு குறைந்த பெண்களிடம் செய்த ஒரு சோதனையில் கூடுதல் முட்டைகளும் நல்ல கருக்களும் கிடைத்தன. உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது என்று மட்டும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. பொதுவாகப் பெரிய பக்கவிளைவு இல்லாத மாத்திரைதான், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பரிந்துரைத்தால் எத்தனை மாதம், என்ன எதிர்பார்த்து என்று கேளுங்கள். முப்பத்தெட்டு வயதில் ஐவிஎஃப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு, இதை மட்டும் நம்பி ஆறு மாதம் காத்திருப்பது நல்லதல்ல.