தொற்றுக் காலத்தில் பிரசவம்: யாரும் மறுக்க முடியாதவை

2020 ஜூனில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு இரவு பத்து மணிக்கு வலி எடுத்தது. மாதாமாதம் காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில், "கொரோனா டெஸ்ட் ரிசல்ட் இருந்தால்தான் உள்ளே" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ரிசல்ட் வர இரண்டு நாளாம். பிரசவ வலி இரண்டு நாள் பொறுக்குமா? 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். விடிவதற்குள் பெண் குழந்தை.

அந்த வாசலில் நின்ற யாருக்கும் விதி தெரியாது. அந்த ஆண்டு மே 18 அன்றே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தன் கொரோனா பரிசோதனை வழிமுறையில் இதை எழுதிவிட்டது: டெஸ்ட் எடுக்கவில்லை என்பதற்காகப் பிரசவம் உட்பட எந்த அவசரச் சிகிச்சையையும் தாமதிக்கக் கூடாது, மாதிரியை அனுப்பிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கலாம்.

அது கொரோனாவுக்கான விதிதானே, அடுத்த தொற்றுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தராமல் விடுவது உயிர்வாழும் உரிமையையே மீறுவது என்றது நீதிமன்றம். அரசு மருத்துவமனைக்கு இந்தக் கடமை எந்தக் காலத்திலும் உண்டு.

சரி, உள்ளே போனபின் செலவு? தாய்க்கும் சேய்க்கும் இலவசச் சிகிச்சை தரும் மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011 ஜூனில் வந்தது. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, கட்டணம் கிடையாது. மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம், எல்லாம் இலவசம். சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், சிசேரியன் என்றால் ஏழு நாள் வரை சாப்பாடும் உண்டு. பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதற்கும் இலவசச் சிகிச்சை. முதலில் 30 நாள் வரை என்றிருந்தது, பிறகு ஒரு வயது வரை நீட்டித்தார்கள்.

பலர் கேட்காமல் விடுவது வண்டியைத்தான். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கே, டிஸ்சார்ஜ் ஆனபின் வீட்டுக்கு, மூன்று பயணமும் இலவசம். தமிழ்நாட்டில் வீட்டில் கொண்டுவிடும் வண்டிக்கு 102. ஊரடங்கில் ஆட்டோவும் பஸ்ஸும் ஓடாதபோது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பச்சை உடம்புக்காரியைக் கூட்டிவந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கொரோனா உச்சத்தில் ஊர்ப்புற முகாம்கள் பல இடங்களில் நின்றன. ஆனால் பிறந்ததும் போடும் ஊசியை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்த எந்தத் தொற்று மண்டலத்திலும் நிறுத்தக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லியிருந்தது. தாயும் சேயும் ஏற்கெனவே மருத்துவமனைக்குள்தானே இருக்கிறார்கள்! காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை ஊசி, இம்மூன்றும் அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று கிளம்பும்முன் பாருங்கள். அதற்கடுத்த தவணை தப்பிப்போனால் முகாம் திறந்ததும் போய்விடலாம், "நாள் கடந்துவிட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

தாய்க்கே தொற்று என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பாட்டிகள் அப்போது நிறைய. கொரோனாவில் அதற்குத் தேவையே இருக்கவில்லை: தாய் தெம்பாக இருந்தால் முகக்கவசம் போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. பிரசவத்தை ஒட்டி சின்னம்மை வந்தால் குழந்தைக்குத் தனி மருந்து தேவைப்படலாம். அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுங்கள், ஆனால் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து 12 இலக்கக் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். ஊரே அடைந்து கிடக்கும்போது செவிலியர் போன் செய்து விசாரிப்பதும் அந்தப் பதிவிலுள்ள நம்பருக்குத்தான். பழைய சிம்மை மாற்றியிருந்தால் சொல்லிவையுங்கள்.

அரசு மருத்துவமனையில் சேர்க்க மறுத்தால் வாசலில் கத்திப் பயனில்லை. "ஏன் சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள், வேறு இடத்துக்கு அனுப்பினால் கடிதமும் வண்டியும் கொடுங்கள்" என்று கேளுங்கள். புகார் சொல்ல 104. வலி முற்றியிருந்தால் புகாரெல்லாம் அப்புறம், முதலில் 108.