தண்டனைக் கைதியின் ஆட்கொணர்வு மனு: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

ஆட்கொணர்வு மனு என்றதும், சட்டவிரோதக் காவலில் உள்ளவரை நேரில் நிறுத்தக் கோரும் மனுவே நம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில், மாநில நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருப்பவரும், தம் வழக்கு நடந்த விதத்தில் நாட்டின் அரசியலமைப்பு மீறப்பட்டது என்று கூறி, கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் இம்மனுவைத் தாக்கல் செய்யலாம். 1867-இல் சட்டமான இந்த உரிமையை, பயங்கரவாத எதிர்ப்பையும் மரண தண்டனையையும் பெயரில் தாங்கிய 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வெகுவாகச் சுருக்கிவிட்டது. பெயர் எதுவானாலும், திருட்டு வழக்குக் கைதிக்கும் அதுவே பொருந்தும்.

இது இன்னொரு மேல்முறையீடு அன்று. எழுப்ப விரும்பும் ஒவ்வொரு வாதத்தையும் கைதி முதலில் மாநில நீதிமன்றங்களில் மேல்மட்டம் வரை வைத்திருக்க வேண்டும். மாநில நீதிமன்றம் முடிவு செய்த உண்மைகள் சரியானவை என்றே கொள்ளப்படும். அந்தத் தீர்ப்பு தவறு என்று காட்டினாலும் போதாது. உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்த சட்டத்துக்கு அது முரணாகவோ, அச்சட்டத்தையோ உண்மைகளையோ நியாயமற்ற முறையில் கையாண்டதாகவோ இருந்தால்தான் நிவாரணம் கிடைக்கும்.

இவற்றைவிடக் கடுமையானது காலக்கெடு என்பேன். நேரடி மேல்முறையீடு முடிந்து, உச்ச நீதிமன்றத்தை அணுகுவதற்கான 90 நாட்களும் கழிந்தபின், பொதுவாக ஓராண்டுதான் அவகாசம். முறைப்படி தாக்கலான மறுஆய்வு மனு மாநில நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்வரை நாள்கணக்கு நின்றிருக்கும். ஆனால் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்காது. பத்து மாதம் கழித்து அம்மனுவைப் போட்டவருக்கு, அது தள்ளுபடியானபின் இரண்டே மாதம் மிஞ்சும். கட்டணம் 5 டாலர்தான். வழக்கறிஞர் இல்லாதவர் மனுவைச் சிறை அதிகாரிகளிடம் அஞ்சலுக்குக் கொடுத்த நாளே தாக்கல் நாளாகும். மரண தண்டனை வழக்குகள் தவிர, அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை இங்கே கிடையாது.

வழக்கறிஞர் இருந்தும் சிக்கியவர் ஃப்ளோரிடாவின் மரண தண்டனைக் கைதி ஒருவர். அவருக்கு மிஞ்சியிருந்தவை 12 நாட்கள். வழக்கறிஞருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் தம் மனுவைச் சில வாரங்களுக்கு முன்பே தள்ளிவிட்டதை 2007 ஜனவரியில் சிறை நூலகத்தில்தான் அறிந்தார். உடனே மனுவைத் தாமே எழுதி மறுநாள் அஞ்சலில் சேர்த்தபோது கெடு முடிந்திருந்தது. விடாமுயற்சியுடன் இருந்தும் அசாதாரணமான தடையால் தாமதித்தவருக்குக் கெடுவைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் அவர் வழக்கில்தான் கூறியது.

மனு தள்ளுபடியானால் மேல்முறையீட்டுக்குத் தனிச் சான்று தேவை. இரண்டாவது மனுவுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அங்கும் நாள் எண்ணியாக வேண்டும். மேல்முறையீடு செய்ய ஓஹியோ கைதி ஒருவருக்குச் சட்டப்படி 14 நாள் கூடுதல் அவகாசம் உண்டு. நீதிபதி பிழையாக 17 நாள் கொடுத்தார். அதை நம்பி 16-ஆம் நாள் தாக்கல் செய்தவரின் மேல்முறையீட்டை, 2007-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஏற்க மறுத்தது.