சாவி யார் பையில் இருக்கிறது?

காந்திபுரத்தில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து இரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு போன் வந்தது. "அண்ணா, வண்டி நல்லா ஓடிட்டுதான் வந்துச்சு. பெட்ரோல் போட ஆஃப் பண்ணேன். இப்ப ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது." பின்சீட்டில் மகள் தூங்குகிறாள் என்றும் சொன்னார். சாவி பையில் இருந்தாலே போதும், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் கார் அது. பேட்டரியாக இருக்குமோ என்று விசாரித்தேன். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறதாம். மீட்டரில் என்ன எழுத்து வருகிறது என்று கேட்டதும் வாசித்துக் காட்டினார்: சாவி இல்லை. கணவரைக் கோவை ஜங்ஷனில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி அது. அங்கே வரைக்கும் வண்டி ஓட்டியவர் கணவர்தான். சாவி அவருடைய சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. ரயில் அதற்குள் திருப்பூரை நெருங்கியிருந்தது.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவர் இறங்கிக் கதவைச் சாத்தியபோதே அது பீப் அடித்துச் சொல்லியிருக்கும். ஸ்டேஷன் வாசல் இரைச்சலில் யார் காதில் விழும்? வீட்டிலிருந்து மாமனார் மாற்றுச் சாவியை ஆட்டோவில் கொண்டுவந்து கொடுக்கும்வரை முக்கால் மணி நேரம் தாயும் மகளும் பங்கிலேயே காத்திருந்தார்கள்.

22 வருடமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் 'சாவி தொலைந்துவிட்டது', 'லாக் ஒட்டிக்கொண்டது' என்று அழைப்பார்கள். இப்போது வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், வண்டியும் பூட்டும் சரியாக இருக்க, சாவி இருக்கக்கூடாத இடத்தில் இருந்ததால் வருபவை.

சாவியைத் துவாரத்தில் நுழைக்காமலே கதவைத் திறக்கும் இந்த 'கீலெஸ் என்ட்ரி' எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். கதவுக் கைப்பிடியில் உள்ள பட்டனைத் தொட்டதும், காருக்குள் பதித்திருக்கும் ஆன்டெனாக்கள் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் எட்டாது. உங்கள் பையில் உள்ள சாவி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், தனக்கென்று உள்ள ரகசியக் குறியீட்டில் பதில் சொல்லும். பதில் சரியென்றால் கதவு திறக்கும். வண்டி கேட்கும் கேள்வி 'சாவி பக்கத்தில் இருக்கிறதா?' என்பது ஒன்றுதான். அது உரிமையாளர் கையில் இருக்கிறதா, இரண்டு வயதுக் குழந்தையின் கையில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு சாவி வெளியே போனாலும் எஞ்சின் நிற்காது. ஓடும் வண்டி நடுரோட்டில் அணைந்துபோனால் பெரிய ஆபத்து என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஓட்டுநர் மாறும்போது சாவியும் கை மாற வேண்டும். எங்கள் வீட்டில் இறங்குகிறவர் சாவியை ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. சாவி பையில் இருப்பதாலேயே 'வண்டியை அணைத்துவிட்டோம்' என்று நினைத்து இறங்கிப் போகிறவர்கள் உண்டு. சத்தமில்லாத எஞ்சின், ஏசி ஓடிக்கொண்டிருக்கும். மூடிய கார் ஷெட்டில் அப்படி விட்டால் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ளேயே வரும். அதற்கு வாசனையே கிடையாது. மீட்டர் விளக்குகள் அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சரி, பூட்டும் விஷயத்துக்கு வருவோம். கல்யாண மண்டபத்து பார்க்கிங்கில் நின்று கவனித்தால் தெரியும். பத்தில் எட்டுப் பேர் திரும்பிப் பார்க்காமல், நடந்துகொண்டே, தோளுக்குப் பின்னால் ரிமோட்டை அழுத்துவார்கள். ரிமோட் அனுப்புவது ஒரு சின்ன ரேடியோ சிக்னல். பக்கத்தில் அதே அலைவரிசையில் வேறொரு கருவி இரைந்துகொண்டிருந்தால் வண்டிக்கு அது கேட்காது. திருடர்கள் வேண்டுமென்றே இப்படி சிக்னலை அமுக்குவது வெளிநாடுகளில் பழைய தந்திரம். திருடனே இல்லாவிட்டாலும், ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் பல வண்டிகள் பூட்டாது, அல்லது பூட்டிவிட்டு உடனே திறந்துகொள்ளும். நடந்து போனாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி உள்ள வண்டிகளும் இப்படித்தான். கதவு அரைகுறையாக நின்றாலோ, மாற்றுச் சாவி கைப்பையோடு உள்ளே கிடந்தாலோ அது வேலை செய்யாது.

கைப்பிடியை இழுத்துப் பார்த்தால் போதாதா என்பீர்கள். இங்கேதான் ஒரு சிக்கல். கைப்பிடியைத் தொட்டாலே திறக்கிற ரகத்தில், சாவி உங்கள் பையில் இருப்பதால் நீங்கள் இழுத்தால் திறக்கத்தான் செய்யும். 'லாக் ஆகவே மாட்டேங்குது' என்று இதற்காகவே பட்டறைக்கு வண்டி கொண்டுவந்தவர்கள் உண்டு. கைப்பிடியில் பட்டன் வைத்த ரகம் என்றால், பட்டனைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் இழுத்துப் பார்க்கலாம். தொடு ரகம் என்றால் கூட வந்தவரிடம் சாவி இல்லாமல் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் இண்டிகேட்டர் சிமிட்டுவதையும், பக்கக் கண்ணாடிகள் மடங்குவதையும் நின்று பாருங்கள். இரண்டு விநாடி வேலை.

அப்புறம், திறக்கும்போது எத்தனை கதவு திறக்கிறது? நிறைய வண்டிகளில் இதை மாற்றி அமைக்கலாம். முதல் அழுத்தலில் டிரைவர் கதவு மட்டும், இரண்டாவதில் எல்லாம். பேங்கிலிருந்து பணத்தோடு வருகிறவர்கள், இரவில் தனியாக ஓட்டும் பெண்கள் கட்டாயம் இந்த முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'சார், கீழே பணம் கிடக்குது', 'டயர்ல காத்து இல்ல' என்று ஒருவன் ஒரு பக்கம் பேச்சுக் கொடுக்க, மறுபக்கக் கதவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. நான்கு கதவும் ஒன்றாகத் திறந்திருப்பதுதான் அவர்களுக்கு வசதி.

இனி சொல்லப் போவதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து படியுங்கள்.

போன வருடம் ஏப்ரல், மதியம் ஒன்றரை. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அடுக்ககத்திலிருந்து அழைப்பு. குழந்தை அழாமல் இருக்க அம்மா சாவியைக் கையில் கொடுத்துப் பின்சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, காய்கறிப் பையை எடுக்க நாலு அடி நகர்ந்திருக்கிறார். குழந்தை பட்டனை அழுத்தியது. நான்கு கதவும் 'டக்'. சாவி உள்ளே, குழந்தை உள்ளே, எஞ்சின் ஓடவில்லை. "எவ்வளவு நேரத்துல வருவீங்க?" என்றார். நான் கணபதியில் இருந்தேன். ட்ராஃபிக்கில் இருபது நிமிடம் ஆகும். "நான் வர்ற வரைக்கும் இருக்காதீங்கம்மா. குழந்தை இல்லாத பக்கத்துக் கண்ணாடிய உடைங்க. இப்பவே." போனில் ஒரு நொடி மௌனம். கண்ணாடியை உடைக்கச் சொன்னால் யாருக்கும் கை வராது. வாட்ச்மேன் வீல் ஸ்பேனரை வாங்கி, முன்பக்கக் கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் அடித்திருக்கிறார். இரண்டாவது அடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தலையெல்லாம் வேர்வையோடு அம்மா தோளில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

மூடிய கார் எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அளந்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே. கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே 36 டிகிரி என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும்.

2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில் நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் துவாரபுடியில் அதேபோல் நான்கு குழந்தைகள். வாசலில் நிற்கும் வண்டி பூட்டாமல் இருந்தால், அது தெருக் குழந்தைகள் எல்லாருக்கும் திறந்த வீடு. உள்ளே போகத் தெரிந்த குழந்தைக்கு வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்கைப்பிடியை எத்தனை முறை இழுத்தாலும் திறக்காது. கதவின் கனத்தைத் தள்ளுமளவு பலமும் நாலு வயதில் இருக்காது.

ஆகவே வண்டி உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே நின்றாலும் பூட்டுங்கள். சாவியைக் குழந்தையின் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள். அதை விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குழந்தையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு டிக்கியில் சாமான் ஏற்றும் நேரம் முழுக்க ஒரு கதவாவது திறந்தே இருக்கட்டும், சாவி உங்கள் உடம்பில் இருக்கட்டும். மூன்று, நான்கு வயது ஆனதும் ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள்: மாட்டிக்கொண்டால் முன்சீட்டுக்கு ஏறி ஹாரனை விடாமல் அழுத்த வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் அணைந்திருந்தாலும் ஹாரன் அடிக்கும். உங்கள் வண்டியில் அடிக்கிறதா என்று நீங்கள் முதலில் பாருங்கள். முன்கதவுக்கு சைல்டு லாக் கிடையாது. அதை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று குழந்தையையே திறக்க வைத்துப் பழக்குங்கள். சில வண்டிகளில் ஒரு இழுப்பு, சிலவற்றில் இரண்டு இழுப்பு. 2019 ஜூலை 1க்குப் பிறகு தயாரான கார்களில், மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் திறக்கும் வழி இருந்தாக வேண்டும் என்பது நம் நாட்டு விதி. உங்கள் வண்டியில் அது எந்தக் கதவில், எப்படி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். குழந்தை உள்ளே சிக்கிவிட்டால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். 112க்கு ஒருவர் பேசட்டும், இன்னொருவர் கண்ணாடியை உடைக்கட்டும். முன்கண்ணாடியில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது இரண்டு அடுக்கு, விரிசல் விடும், உதிராது. கதவுக் கண்ணாடியின் மூலைதான் சரியான இடம்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வதும் நடக்கத்தான் செய்கிறது. சாவி உள்ளே இருந்தால் வண்டி பூட்டாது என்று நம்பி டிக்கியில் சாவியைப் போடுகிறார்கள். பெரும்பாலும் பூட்டாதுதான். ஆனால் எவர்சில்வர் தூக்குக்குள்ளோ, லேப்டாப்பை ஒட்டியோ கிடந்தால் சாவி வண்டிக்குக் 'கேட்காமல்' போகலாம். பேட்டரி மாற்றும்போது இன்னும் கவனம். டெர்மினலை மாட்டியதும் சில வண்டிகளில் லாக் மோட்டார் தானாக ஒரு தடவை ஓடிப் பூட்டிவிடும். எங்கள் பட்டறையில் எந்தப் பையனும் டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்காமல், சாவியை வெளியே எடுக்காமல் டெர்மினலில் கை வைக்க மாட்டான்.

கார் திருட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2011இல் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் வெளியே நிற்கும் காருக்கும் நடுவில் சிக்னலைக் கருவி வைத்துக் கடத்தி, கதவைத் திறந்து ஸ்டார்ட்டும் செய்ய முடியும் என்று காட்டினார்கள். பிறகு வந்த சாவிகள் சிலவற்றில், அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் ஏற்பாடு உண்டு. உங்களுடையது அப்படி இல்லையென்றால் வாசல் கதவோரம் சாவி மாட்டாதீர்கள். சிக்னலைத் தடுக்கும் பை வாங்கினால், சாவியை அதில் போட்டுக்கொண்டு வண்டி அருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்தப் பையால் பயனில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, வேறு சாவி ஏதும் பதிவாகி இருந்தால் சர்வீஸ் சென்டரில் நீக்கச் சொல்லுங்கள். வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர்களும் கேட்பது அந்த இரண்டு ஒரிஜினல் சாவிகளைத்தான்.

கடைசியாகச் சாவியின் பட்டன் செல். வழக்கமாகத் திறக்கும் தூரம் குறைய ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032தான். கழற்றிய பழைய செல்லைக் குழந்தை எடுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். செல் முழுக்கத் தீர்ந்துபோனாலும் வழி இருக்கிறது. சாவியின் ஓரத்தில் சின்ன விசையை நகர்த்தினால் உள்ளிருந்து ஒரு உலோகச் சாவி வரும். டிரைவர் கைப்பிடியில் துவாரம் தெரியாவிட்டால், கைப்பிடி முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். திறந்ததும் அலாரம் கத்தலாம், பயப்பட வேண்டாம். சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால், பெரும்பாலான வண்டிகள் சாவிக்குள் இருக்கும் சிப்பைப் படித்து ஸ்டார்ட் ஆகும், அலாரமும் நிற்கும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட சாவி நுழையாத துவாரத்தில் புழுதி ஏறி, அவசரத்துக்குத் திருகினால் அசையாமல் நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாவியை எடுத்து ஒருமுறை திறந்து பூட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் முறுக்காதீர்கள், உடைந்து உள்ளே நின்றுவிடும். கொஞ்சம் கிராஃபைட் பொடி தூவி, மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்துக் கொடுத்தால் இளகிவிடும்.